ஒரு காலைக்கு மட்டும் சுத்தமான கடல்

அம்மா தன் வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடலுக்குள் உட்கார வேண்டும். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது இல்லை. உள்ளே, இடுப்பளவு தண்ணீரில்.

வலது பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்ததிலிருந்து, அவள் கேட்காமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மாத்திரை, ஊசி, உருட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது. கேட்டு நடக்கப்போவது நாளைக் காலை ஒன்றுதான்.

ஊருக்கு வெளியே ஒரு கடற்கரை இருக்கிறது. தண்ணீரைச் சோதித்து, சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்து, கொடி ஏற்றிவிட்ட கடற்கரை. பலூன் மாதிரி உப்பிய மூன்று சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று அங்கே உண்டு. நடக்க முடியாதவர்களை உட்காரவைத்து அப்படியே அலைக்குள் தள்ளிக்கொண்டு போகலாம். மொத்தக் கடற்கரைக்கும் அந்த ஒரு நாற்காலிதான். வீட்டின் கடைக்குட்டியான சின்னவள் வாரக்கணக்கில் போனை நோண்டி, நாளைக் காலைக்கு இடம் பிடித்திருந்தாள்.

நாளையோடு சீசன் முடிகிறது. நாற்காலியைக் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அடுத்த சீசனில் கூட்டிக்கொண்டு போகலாமா என்று இதய டாக்டரைக் கேட்டபோது அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அன்றிலிருந்து வீட்டில் ‘அடுத்த’ என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.

அப்படிப்பட்ட நாளைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, விடிந்தும் விடியாததுமாகக் குளியலறைச் சாக்கடை மேலே பொங்கி வந்திருந்தது.

இது ஒன்றும் புதிதில்லை. ஊரிலேயே தாழ்ந்த தெரு இது. தெருக்கோடியில் இருக்கும் பம்ப் ஹவுஸ்தான் ஊர்க் கழிவை எல்லாம் இழுத்துக் குழாயில் தள்ளுகிறது. அந்த மோட்டார் நின்றால் தண்ணீர் திரும்பி வரும். வருவதற்கு வேறு இடம் தெரியாமல் நேராக இங்கே வரும். மோட்டாரை ஓட்டுகிறவர் சின்னவளின் அப்பா. ஊர்ச் சாக்கடையை ஓட்டுகிறவர் வீட்டிலேயே சாக்கடை ஏறுகிறது என்று தெரு சிரித்துச் சிரித்துச் சலித்துவிட்டது.

அண்ணன் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு அம்மாவின் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறான். தெருவில் ஸ்பீடு என்றால்தான் தெரியும். எதையும் ஆற அமரச் செய்கிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

“நாம கடலுக்குப் போறோம்னு இதுக்குப் பொறாமை. வழியனுப்ப வந்திருக்கு” என்றான்.

அம்மா இடது பக்கத்து உதட்டால் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பு பாதி முகத்தோடு நின்றுவிடும்.

சின்னவள் சிரிக்கவில்லை. அவள் கண் அம்மாவின் குதிகாலில் இருந்தது. அங்கே ஒரு புண். சர்க்கரை உடம்பு என்பதால் ஆறமாட்டேன் என்று அடம்பிடிக்கிற புண். வீட்டுக்கு வந்து கட்டுப் போடுகிற நர்ஸ், கடல் என்றதும் முதலில் முடியவே முடியாது என்றுதான் சொன்னார். சாதாரணக் கடல் இல்லை, கொடி ஏற்றின கடல், வாராவாரம் அந்தத் தண்ணீரைச் சோதிப்பதே என் வேலை, குழாய்த் தண்ணீரை விட அது மேல் என்று சின்னவள் பிடித்த பிடியில்தான் நர்ஸ் இறங்கிவந்தார். கட்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும், கொஞ்ச நேரம்தான் உட்காரலாம். போகும்போது வாசலில் நின்று, அழுக்குத் தண்ணீர் உள்ளே போனால் காலோடு போகாது, உயிரோடு விளையாடுகிற விஷயம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள்தான் அந்த வீட்டில் முதலில் படித்தவள். அவள் சொன்னால் வீடு கேட்கும். நர்ஸே கேட்டுவிட்டார் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

அப்பா மட்டும் நாளைக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை, இன்று இரவும் டியூட்டி என்று நேற்றே சொல்லிவிட்டார். பெண்டாட்டி கடல் பார்க்கிற நாளில்கூட மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன் என்று அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். அம்மா திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

லேபில் சின்னவள் கையுறை மாட்டி முடிப்பதற்குள் பாட்டில்காரர் வந்துவிட்டார். கடற்கரையில் தண்ணீர் மொண்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறவர். வயிறு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு.

பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். வந்தால் ஒரு டீயாவது குடிக்காமல் போகமாட்டார். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போகிறோம் என்று சின்னவள் சொன்னாள். நாலு நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் டீயை ஊதுவதை நிறுத்தினார்.

“நாளைக்கா? ஏம்மா, இன்னைக்குப் போயிருக்கலாமே.”

“ஏன்?”

“இன்னைக்குத்தானே பாட்டில் நாளு. உங்க தெருவுல காலைல தண்ணி ஏறியிருக்குமே?”

ஏறியிருந்தது என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

பாட்டில்காரர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். விளையாடுகிறாளா என்று பார்த்தார். விளையாடவில்லை என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மோட்டார் ஓடினா அந்தத் தண்ணியெல்லாம் எங்கம்மா போகும்? சுத்தம் பண்ற இடம் பாதி ஊருக்குத்தான் தாங்கும். மிச்சம் நேரா கடலுக்குத்தான், கொடிக்கு அந்தப் பக்கம் இருக்கே பாறை, அதுக்குப் பின்னாடி. அதான் நான் பாட்டில் எடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆபீஸ்லேர்ந்து போன் போட்டு நிறுத்தச் சொல்லிடுவாங்க. ராத்திரி பூரா அலை அடிச்சு இழுத்துட்டுப் போயிடும். காலைல கண்ணாடி மாதிரி இருக்கும். நான் மொண்டுட்டு ஒரு போன் போட்டா, திரும்ப ஓட்டுவாங்க.” அவர் குரல் இறங்கியது. “உங்கப்பாதானே நிறுத்துறாரு. வீட்டுல சொன்னதில்லையா?”

சொன்னதில்லை.

அவர் போன பிறகு சின்னவள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. எந்தெந்த நாளில் வீட்டில் செங்கல் வைத்தார்கள் என்பது அவள் முழங்காலுக்கே தெரியும். சாக்கடையை மிதித்துக் கழுவிக்கொண்டு லேபுக்கு வந்த ஒவ்வொரு காலையிலும், அவள் சுத்தமான தண்ணீரைச் சோதித்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எண்ணில் ஒரு பொய் கிடையாது. கலந்தது, வைத்தது, எண்ணியது எல்லாம் சரி. படித்த படிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தக் கொடி அவள் தெருவின் தலையில் நட்டு வைத்த கொடி. நட்டதில் அவள் கையும் உண்டு.

*

மத்தியானம் லேப் விட்டதும் நேராகப் பம்ப் ஹவுஸுக்குப் போனாள். இரும்புக் கதவைத் தள்ளும்போதே தரை அதிர்ந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரைச்சலில் வேலை செய்து செய்து அப்பாவுக்கு வீட்டிலும் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பிரெட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

மகள் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரோடு வெளியே வந்து, கதவைச் சாத்தி, சுவரோரம் நின்றார்.

சின்னவள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். நாக்குக்கு நரம்பில்லை என்பதை நிரூபிக்கிற மாதிரி கேட்டாள். பெற்ற மகள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தபோது வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்றாள். நாளைக்கு அந்தத் தண்ணீரில் அம்மாவின் புண்ணை இறக்கப் போகிறோமே, அதையாவது சொல்லியிருக்கலாமே என்றாள்.

“நாளைக்குத் தண்ணி சுத்தமாத்தான் இருக்கும், பாப்பா.”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“லீவு கிடைக்காம இல்ல. நான் கேக்கவே இல்ல. இன்னைக்கு ராத்திரி வேற ஆளோட டியூட்டி. நானா கேட்டு வாங்கிக்கிட்டேன். சாயங்காலம் மோட்டாரை நிறுத்திடுவேன். நீங்க போய் அவளை உக்கார வெச்சு, தூக்கி, வண்டில ஏத்திட்டு எனக்குச் சொல்லுங்க. அப்புறம் ஓட்டுறேன்.”

“ஆபீஸ்ல சொன்னாங்களா?”

“யாரு சொல்லுவாங்க? நாளைக்குப் பாட்டில் கிடையாதே.”

ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி.

“இன்னைக்குத்தான் ஏறி வடிஞ்சிருக்கு. மறுபடி ராத்திரி பூரா நிறுத்தினா எவ்வளவு ஏறும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா? எதிர்த்தாப்ல தையலக்கா வீடு நம்ம வீட்டைவிடப் பள்ளம். ஸ்கூல் யூனிஃபார்ம் பூரா தரையில அடுக்கி வெச்சிருக்காங்க.”

அப்பா டீ டம்ளரின் அடியில் ஊறிக் கிடந்த பிரெட்டைப் பார்த்தார்.

“யார் யாரோ வந்து குளிக்கணும்னு இத்தனை வருஷம் நிறுத்தினேன். யாருன்னே தெரியாது. அவங்களுக்காக என் வீட்டுலயே நான் ஏத்தினேன். உங்கம்மாவுக்கு ஒரு தடவை நிறுத்தக் கூடாதா?”

அவள் திரும்பி நடந்தாள். கோபம் இருந்தது. அதை எறிவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. ஆபீஸ் மேல் எறிந்தால் அது அப்பா மேல் விழுந்தது. அப்பா மேல் எறிந்தால் தன் கையெழுத்தின் மேல் விழுந்தது.

*

வீட்டில் கல்யாணக் களை கட்டியிருந்தது. அண்ணன் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, பார்சல் வாசனை போக ஊதுபத்தி வேறு ஏற்றி வைத்திருந்தான். அம்மாவைத் தூக்கி வைக்கப் பழக வேண்டும் என்று ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்து, மூட்டையிடம் “வலிக்குதாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மதியம் அவள் தானாகக் கையை நீட்டி நகம் வெட்டிவிடச் சொன்னாளாம். கடலுக்கு எதற்கு நகம் என்று அண்ணன் கேட்டதற்கு, யார் வீட்டுக்குப் போனாலும் சுத்தமாகப் போக வேண்டும் என்றாளாம்.

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். செங்கல் இன்னும் எடுக்கப்படவில்லை. உயரமான கட்டிலில் கால் தரையில் படாமல் தொங்கியது.

எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில்காரர், பாறை, மோட்டார், அப்பா செய்யப்போகிற காரியம், தையலக்காவின் யூனிஃபார்ம். மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது, எதற்காகச் சொல்கிறோம் என்று. அம்மா ‘வேணாம்’ என்பாள். எதற்கும் வேணாம் சொல்லிப் பழகிய வாய் அது. புதுப் புடவையா, வேணாம். ஆஸ்பத்திரியா, வேணாம், தானாகச் சரியாகிவிடும். அந்த ஒரு வேணாமை இப்போதும் சொல்லிவிட்டால் பாவம் யார் கணக்கிலும் விழாது. அப்பாவுக்குப் போன் போட்டு நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நாலு பேரும் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்துவிடலாம்.

அம்மா ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். பேச்சு வருவதற்கு அவளுக்கு எப்போதுமே நேரமாகும்.

“அவ வீட்டுல…” என்றாள். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. “இன்னைக்குக் காலைல… ஏறுச்சா?”

“ஏறுச்சும்மா.”

“யாரோ குளிக்கறதுக்கு.”

“ஆமா.”

“நான் குளிச்சா… என்ன?”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த முகம்தான். அதற்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“எல்லாத்துக்கும்… வேணாம் சொன்னேன்” என்றாள் அம்மா. “இதுக்குச் சொல்ல மாட்டேன்.”

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. வலது பக்கம் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஈரம் தெரியாது.

*

வெயில் தாழ்ந்ததும் மோட்டார் நின்றது.

பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் சத்தம். அது நிற்கும்போதுதான் இருந்ததே தெரியும். தெருவில் யாரோ ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்கள். அண்ணன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, நேத்து நிறுத்தினாங்க, இன்னைக்கும் நிறுத்திட்டாங்களா என்று யாரையோ பார்த்து முணுமுணுத்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று சின்னவளே முடிவு செய்திருந்தாள். அவன் இளகின மனசுக்காரன், நேராகப் போய் மோட்டாரைப் போட்டுவிடுவான்.

காலையில் ஏறியது இன்னும் முழுக்க வடிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குளியலறை மூலையில் களக் களக் என்று ஆரம்பித்தது.

இருட்டுவதற்கு முன்பே வாசலில் தையலக்கா வந்து நின்றாள். எதிர்வீடு. புருஷன் விட்டுப் போன பிறகு தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவள். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். கால் இரண்டும் கறுப்பாக நனைந்திருந்தது.

“கண்ணு, அப்பாவுக்கு ஒரு போன் போடேன். வெட்டி வெச்ச துணியெல்லாம் கீழயே இருக்கு. ஒத்தை ஆளா எதைன்னு தூக்குறது? திங்கக்கிழமை ஸ்கூலுக்குக் குடுக்கணும்.”

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள். காதில் வைத்தாள். எண்ணை அழுத்தவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அம்மா தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது.

“மணி அடிக்குது. எடுக்கலக்கா” என்றாள்.

எவ்வளவு சுலபமாக வந்தது. ஆபீஸ்காரர்கள்கூட ஒரு பொய்க்கு இதைவிடக் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள்.

தையலக்கா தலையை ஆட்டினாள். அவர் என்ன செய்வார் பாவம், மேலே இருக்கிறவன் சொன்னால் நிறுத்தித்தானே ஆகணும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சின்னவளால் அதற்கு மேல் வாசலில் நிற்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அவளோடு போனாள்.

எதிர்வீட்டு முன்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர். மெஷினை எப்படியோ கட்டில்மேல் ஏற்றியிருந்தாள். சுவரோரம் யூனிஃபார்ம் சட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அடிவரிசை ஊறி, வெள்ளை முழுக்கச் சாம்பல் பூத்துப் போயிருந்தது. சின்னவள் மேல் கட்டுகளை அள்ளி அள்ளி அலமாரி மேல் வைத்தாள். பிறகு குனிந்து மொண்டு ஜன்னல் வழியே ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் திரும்பி வந்தது. அது தெரிந்தும் மொண்டாள்.

“நாளைக்கு அம்மாவ கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே. ஸ்பீடு சொன்னான்” என்றாள் தையலக்கா, ஊறின சட்டையைப் பிழிந்துகொண்டே. “நல்லா உக்காரட்டும். அதுவும் எத்தனை நாளா அந்தச் சுவரையே பாத்துட்டுக் கிடக்கு.”

சின்னவள் இன்னொரு வாளி மொண்டாள்.

“நீ ஒண்ணும் கவலைப்படாத. நான் ஆபீஸுக்கே போன் பண்ணிட்டேன். நீ வாளி எடுக்க உள்ள போனப்பவே.”

வாளி கையில் நின்றது.

“இன்னைக்கு நிறுத்தச் சொல்லவே இல்லையேங்கறான் அந்த ஆளு. அங்க என்ன ஆச்சுன்னு தெரியல, ஆள் அனுப்பறோம், உடனே ஓட்ட வெக்கறோம்னான். நீ எடுக்கலைன்னியே, அப்பாக்கு ஏதும் முடியாம விழுந்து கெடக்காரோன்னு எனக்கு ஒரே பயம் கண்ணு. அதான் போட்டேன். ஆபீஸ் வண்டி இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு.”

சின்னவள் வாளியைக் கீழே விட்டாள். அது தண்ணீரில் சாய்ந்து மிதந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இந்தத் தடவை எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா எடுக்கவில்லை.